இரு துறைமுகங்கள்: யோக்கோகாமா நகரிற் சில நாள்

இவ்விழா மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது யான் சிறிது தயங்கினேன். யப்பான் நாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அந்நாட்டு மாடங்களின் உயரத்தையும் புகையிரதங்களின் விரைவையும் வியந்து, பின்னர் நம் நாட்டுக் குறைகளை எண்ணி நொந்து, கட்டுரையை முடித்துவிடுவர். அத்தகைய வியப்பினாலும் நோதலினாலும் படிப்போர்க்குப் பயன் சிறிதே. ஆயினும், திருகோணமலைத் துறைமுகத்தின் கரையிற் பிறந்து வளர்ந்த ஒருவன் யோக்கோகாமாத் துறைமுகத்தின் கரையில் நிற்கும்போது அவன் உள்ளத்தில் எழும் வினா ஒன்றுண்டு. இயற்கையன்னை குறைவின்றி அளித்த நமது துறைமுகம் சிறு பட்டினமாகவே நிற்க, அத்துணை வாய்ப்புப் பெறாத ஒரு மீனவர் கிராமம் மாநகராகியது எவ்வாறு? அவ்வினாவுக்கு யான் கண்ட விடையைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் கூறுதல் தகும் என்று துணிந்தே இதனை எழுதுகின்றேன்.

வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், யோக்கோகாமாவிற் பணிபுரிந்த என் மகனிடம் செல்ல யான் ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில், அப்போது உயிரோடிருந்த என் தாயார், "குண்டு போட்டவங்கட ஊருக்கோ தம்பி போறாய்?" என்று கேட்டார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் நாட் காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவர் சிறு பெண். தம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கன்னியாப் பக்கத்துக் காட்டோரத்துக்கு ஓடியவர். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்த கரும்புகையை இறுதிவரை அவர் மறக்கவில்லை. அவருடைய கேள்விக்கு யான் அன்று விடை கூறாமலே புறப்பட்டேன்.

இரு கரைகள்

நமது துறைமுகத்தின் சிறப்பை நம் மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மலைகளும் முனைகளும் சூழ்ந்து காக்கும் ஆழமான நீர்ப்பரப்பு அது. இந்து சமுத்திரத்தில் ஆதிக்கம் நாடிய ஒவ்வோர் அரசும் இதனை விரும்பியது. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அங்கே கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1782 இல் ஆங்கிலேயரும் பிரான்சியரும் ஒருவர்பின் ஒருவராக இதனைக் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றி, 1957 வரையிற் கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். இவ்வளவு பேர் போட்டியிட்ட துறைமுகம், வணிகத் துறைமுகமாக மட்டும் பெரிதாக வளரவில்லை.

யோக்கோகாமாவின் கதை இதற்கு மாறானது. 1854 இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி என்பவர் யப்பானிய அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்ட காலத்தில், அவ்விடம் நூறு வீடுகளளவு கொண்ட கிராமமாக இருந்தது. அயல்நாட்டாருக்குத் திறந்துவிட வேண்டிய துறை கனகாவா என்று பின்வந்த ஒப்பந்தங்கள் குறித்தன. ஆனால் கனகாவா பெருவீதியில் அமைந்த ஊர். அங்கே அந்நியர் குடியேறினாற் பூசல் விளையும் என அஞ்சிய ஆட்சியாளர், விரிகுடாவின் மறுபுறத்திலுள்ள யோக்கோகாமாவை 1859 இல் திறந்துவிட்டனர். ஆகவே, அந்நியரை ஒதுக்கி வைப்பதற்காகத் தெரிந்தெடுத்த ஓர் ஒதுக்குப்புறமே பின்னர் நகராயிற்று. தொடக்கத்திற் பெருங்கப்பல்கள் கரையை அடுக்க இயலாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளைச் சிறு படகுகள் ஏற்றி இறக்கின. பெருங்கப்பல் அணையத்தக்க இரும்புத் துறைமேடை 1894 இலேயே நிறைவெய்தியது. அலைதடுப்பு அணைகளையும் மனிதரே கட்டவேண்டியிருந்தது.

அங்ஙனமாயின் அதனை வளர்த்தது யாது? துறைமுகத்தின் முன்னுள்ள கடலினும் அதன் பின்னுள்ள நிலமே காரணம் என்பது என் துணிபு. யோக்கோகாமாவின் பின்னே பட்டுப்புழு வளர்க்கும் உழவரின் ஊர்கள் இருந்தன. அவர்களது பட்டுநூல் மலைவழிகளால் ஹச்சியோஜி என்னும் ஊரிற் சேர்ந்து அங்கிருந்து துறைமுகத்தை அடைந்தது. யப்பானின் ஏற்றுமதிப் பொருள்களுட் பல்லாண்டுகள் தலைமை வகித்தது அந்தப் பட்டுநூலே. அருகில் டோக்கியோ என்னும் தலைநகர் இருந்தது. யப்பானின் முதற் புகையிரதப் பாதை 1872 இல் டோக்கியோவின் சிம்பாசியிலிருந்து யோக்கோகாமாவுக்கே இடப்பட்டது. அதன் நீளம் 29 கிலோமீற்றர்.

நமது துறைமுகத்தின் பின்னே இருந்தவை காடும் கைவிடப்பட்ட குளங்களும். பெருந்தோட்டப் பயிர்கள் விளைந்த மலைநாடு கொழும்பின் பின்னே இருந்தது. அதனால், இயற்கைத் துறைமுகம் இல்லாத கொழும்பிலே 1875 இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டிப் பத்தாண்டுகளிற் செயற்கைத் துறைமுகம் ஆக்கினர். திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது 1927 இலேயே. கடற்படைத் தளமாக நமது துறைமுகத்தைப் பேணியவர்களுக்கு வணிகர் கூட்டம் தேவைப்படவில்லை.

இன்று யோக்கோகாமாவின் குடித்தொகை 37 இலட்சத்துக்கு மேல். நமது மாவட்டம் முழுவதிலும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 3,80,000 மக்கள் வாழ்ந்தனர். நிலப்பரப்பிலோ நமது மாவட்டம் 2,727 சதுர கிலோமீற்றர், யோக்கோகாமா 438 சதுர கிலோமீற்றர். நம்மிலும் பத்து மடங்கு மக்கள் நமது நிலத்தில் ஆறிலொரு பங்கில் வாழ்கின்றனர் என்றால், அந்நகரின் நெருக்கத்தை ஒருவாறு உணரலாம்.

வழியும் வண்டியும்

கட்டுநாயக்காவிலிருந்து இரவில் ஏறிய விமானம் மறுநாட் காலையில் என்னை நரித்தாவில் இறக்கியது. அங்கு மணிக்கூட்டை மூன்றரை மணி முன்னே தள்ளிவைத்தல் வேண்டும். நரித்தாவிலிருந்து யோக்கோகாமாவுக்குப் புகையிரதத்தில் ஒன்றரை மணி நேரம் செல்லும். ஹனேதா என்னும் மற்றை விமான நிலையம் யோக்கோகாமாவுக்கு மிக அண்மையிலுள்ளது. அங்கே இறங்கும் வாய்ப்புடையோர் அதனைத் தெரிந்துகொள்வது நன்று.

பெரிய நகரிற் புதியவனை மருட்டுவது புகையிரத நிலையமே. யோக்கோகாமா நிலையத்திற் பல கம்பனிகளின் பாதைகள் கூடுகின்றன. வாயில்களும் படிகளும் எண்ணில. முதல் நாள் யான் திருவிழாக் கூட்டத்திற் பிள்ளையைத் தவறவிட்ட தகப்பனைப்போல நின்றேன். பிறகு அதன் ஒழுங்கு விளங்கிற்று. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறமும் எழுத்தும் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண் உண்டு. மொழி அறியாதவனும் எண்ணை நோக்கிச் சென்றடையலாம். பயணச்சீட்டுக்கு நாள்தோறும் நிற்க வேண்டாம். சுயிக்கா என்னும் அட்டையிற் பணம் இட்டு, வாயிலில் அதனைத் தொட்டுச் சென்றால், இறங்குமிடத்திற் கட்டணம் தானே கழியும். அதே அட்டையாற் பஸ்வண்டியிலும் கடையிலும் பணம் செலுத்தலாம்.

வண்டி வருமுன் மக்கள், நிலத்திற் கீறப்பட்ட கோடுகளில் வரிசையாக நிற்பர். இறங்குவோர்க்கு வழிவிட்டே ஏறுவர். உள்ளே தொலைபேசியில் உரத்துப் பேசுதல் இல்லை. இவ்வொழுங்கைக் காப்பதற்குப் பொலிஸார் நிற்கக் கண்டிலேன். பத்து மடங்கு மக்கள் ஆறிலொரு நிலத்தில் வாழ வேண்டுமானால் ஒருவர் மற்றவருக்கு இடம் விட்டே தீரவேண்டும் என்பதை அவர்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கின்றனர்.

முகவரி தேடல்

நம்மூரில் ஒரு வீட்டைத் தேடுபவன் வீதியின் பெயரையும் இலக்கத்தையும் கேட்பான். யப்பானியப் பட்டினங்களிற் பெரும்பாலான வீதிகளுக்குப் பெயரில்லை. நகரம் பகுதிகளாகவும், பகுதி வட்டாரங்களாகவும், வட்டாரம் மனைத்தொகுதிகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. எண் கொடுக்கப்படுவது தொகுதிக்கும் மனைக்குமே. முகவரியை எழுதும்போதும் நாட்டின் பகுதியை முதலிலும் வீட்டெண்ணை இறுதியிலும் எழுதுவர். இம்முறை தெரியாமல் வீதிப் பெயரைத் தேடிய யான், ஒரே சுற்றில் மூன்று முறை நடந்தேன்.

அந்நிலையிற் கைகொடுப்பது கோபன் எனப்படும் சிறு காவல் நிலையம். சந்திகளிலும் புகையிரத நிலையங்களின் அருகிலும் அது உண்டு. வழி கேட்போர்க்கு உதவுதல் அதன் முக்கிய பணிகளுள் ஒன்று. யான் புகுந்த நிலையத்தில் இருந்த இளைஞர் சுவரிலிருந்த பெரிய படத்தை நோக்கி, தாளில் வழியைக் கீறித் தந்து, வாயில் வரை வந்து கைகாட்டினார். இன்னொரு நாள் வண்டியில் மறந்துவிட்ட என் குடை, நிலைய அலுவலகத்தில் நாளும் நேரமும் எழுதிய துண்டு கட்டப்பட்டு எனக்காகக் காத்திருந்தது.

உணவும் மொழியும்

மரக்கறி உணவினர் யப்பானிற் சற்று விழிப்பாக இருத்தல் வேண்டும். தெளிந்த நீர்போலத் தோன்றும் ரசத்திலும் மீன் கலந்திருக்கும். தாசி எனப்படும் அந்தச் சாற்றை, சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லைப்போல உலர்த்திச் சீவி எடுக்கும் துருவலிலிருந்து ஆக்குகின்றனர். அதனைக் கையிலெடுத்து முகர்ந்ததும் யான் சிரித்துவிட்டேன். நம் சம்பலில் இடும் மாசிக்கு அது உடன்பிறப்பு. மீனும் ஒன்றே, முறையும் ஏறக்குறைய ஒன்றே. மாலைதீவாரும் யப்பானியரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே கைப்பக்குவத்தை அடைந்தனர் போலும். புலாலை அறவே விலக்கியோர்க்குப் பௌத்த மடங்களின் சோஜின் உணவு உண்டு. கடற்பாசியாலும் காளானாலும் சாறு எடுத்து, சோயா அவரையாலும் கிழங்குகளாலும் அதனைச் சமைப்பர்.

அவர்களது சோறு சிறிது குழைந்து ஒட்டும் தன்மையது. 'காரே' என்னும் ஓர் உணவைப் பிள்ளைகள் விரும்பி உண்கின்றனர். அது நமது கறிதான். ஆங்கிலேயர் வழியாக 19ஆம் நூற்றாண்டில் யப்பானை அடைந்து, இனிப்பும் தடிப்பும் பெற்று, அந்நாட்டுப் பிரசையாகிவிட்டது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். யப்பானிய மொழியிற் சொற்கள் நிற்கும் முறை தமிழரை மருட்டாது. எழுவாய் முதலிலும் வினை இறுதியிலும் வரும். நாம் 'யோக்கோகாமாவுக்குப் போகிறேன்' என்று உருபைப் பெயரின் பின்னே சேர்ப்பதுபோல, அவர்களும் 'யோக்கோகாமா நி இகிமாசு' என்பர். வினாவெழுத்து வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும். இவ்வொற்றுமையைக் கொண்டு டோக்கியோவின் கக்குசுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவுண்டு என வாதித்தார். யாழ்ப்பாணப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் அவ்வாய்வில் அவருக்குத் துணைநின்றனர். மொழியறிஞரிற் பலர் அம்முடிபை ஏற்கவில்லை. எனினும், தமிழ் கற்ற ஒருவன் யப்பானிய வாக்கியத்தை மற்றையோரிலும் எளிதாக அமைக்கலாம் என்பதை என் சிறு முயற்சியிலேயே கண்டேன்.

கரையோர உலா

யோக்கோகாமாவை ஒரே நாளில் அறிய விரும்புவோர் சக்குராகிச்சோ நிலையத்தில் இறங்கிக் கடற்கரையோரமாக நடத்தல் வேண்டும். 1872 இல் முதற் புகையிரதம் வந்து நின்ற பழைய யோக்கோகாமா நிலையம் அவ்விடத்திலேயே இருந்தது. அதன் எதிரே மினாத்தோ மிராய் என்னும் புதுநகர். 'எதிர்காலத் துறைமுகம்' என்பது அப்பெயரின் பொருள். கப்பல் கட்டும் தளமும் சரக்குப் பாதைகளும் இருந்த நிலத்தை 1983 முதல் திருத்தியும், கடலைத் தூர்த்தும் அதனை அமைத்தனர். அங்கே 1993 இல் எழுந்த லான்ட்மார்க் கோபுரம் 296 மீற்றர் உயரமானது. யான் சென்றபோது அதன் 69ஆம் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். மின்னேணி நாற்பது விநாடியளவில் என்னை மேலே சேர்த்தது.

அம்மாடியிலும் என் மனத்தைக் கவர்ந்தது அதன் அடியிலுள்ள ஒரு பள்ளம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கருங்கல்லாற் கட்டிய கப்பல் திருத்தும் தளத்தை அழிக்காமல், மக்கள் இருந்து இளைப்பாறும் முற்றமாகக் காத்திருக்கின்றனர். 1911இலும் 1913இலும் கட்டிமுடித்த செங்கற் பண்டசாலைகளும் அவ்வாறே கடைகளாகவும் கலைக்கூடங்களாகவும் நிற்கின்றன. நம் ஊரிற் கடற்படைக் காலத்துக் கட்டடங்களும் எண்ணெய்த் தாங்கிகளும் காடுபற்றிக் கிடந்ததைக் கண்டு வளர்ந்த எனக்கு இது ஒரு பாடமாயிற்று.

மேலும் நடந்தால் யமாசித்தாப் பூங்காவை அடையலாம். மலரும் புல்லும் நிறைந்த அப்பூங்கா எதன்மேல் நிற்கிறது என்பதைப் பயணிகளிற் பலர் அறியார். 1923 செப்ரெம்பர் 1ஆம் நாள் நண்பகலுக்குச் சற்று முன் பெரும் பூமியதிர்ச்சி உண்டாயிற்று. வீழ்ந்த வீடுகளில் தீப்பற்றியது. டோக்கியோவிலும் யோக்கோகாமாவிலும் சுற்றுப்புறங்களிலும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இடிந்த நகரத்தின் கல்லையும் மண்ணையும் கடலிற் கொட்டித் தூர்த்து, அந்நிலத்தின்மேல் 1930 இல் இப்பூங்காவைத் திறந்தனர். 2004 டிசெம்பர் 26 இன் கடற்கோளைக் கண்ட நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பூங்காவின் ஒரு பக்கத்தில், நம் கண்ணுக்குப் பழக்கமான சாயலிற் குவிமாடத்தோடு ஒரு சிறு மண்டபம் உண்டு. அதனை இந்திய நீர்க்கோபுரம் என்பர். பட்டு வணிகத்துக்காக யோக்கோகாமாவில் வாழ்ந்த இந்தியர் பூமியதிர்ச்சியில் வீடிழந்து தவித்தபோது நகரத்தார் அவர்களுக்கு உதவினர். அந்நன்றிக்காக இந்திய வணிகர் 1939 இல் நீர் பருகும் இம்மண்டபத்தைக் கட்டி நகருக்கு அளித்தனர். நன்றி கூறுவதற்குத் தண்ணீர்ப்பந்தலை நினைத்த அவர்களது உள்ளம் நம் நாட்டு உள்ளமே.

இக்கரையை நமக்கு முன் கண்ட பெரியார் இருவரை நினைத்தல் தகும். சுவாமி விவேகானந்தர் 1893 இல் சிக்காகோவுக்குச் செல்லும் வழியில் நாகசாக்கி, கோபே, ஒசாக்கா, கியோத்தோ, டோக்கியோ முதலிய நகரங்களைப் பார்த்து, யூலை மாதத்தில் யோக்கோகாமாவிலிருந்து கனடாவுக்குக் கப்பலேறினார். புறப்படுமுன் சென்னை நண்பர்க்கு எழுதிய கடிதத்தில் யப்பானியரின் தூய்மையையும் தொழில் முயற்சியையும் பாராட்டி, நம் இளைஞர் அந்நாட்டைச் சென்று காணவேண்டும் என வற்புறுத்தினார். 1916 இல் வந்த கவி தாகூர், பட்டு வணிகர் ஹரா தொமித்தாரோவின் சாங்கேயன் தோட்டத்திலே தங்கினார். அவர் யப்பானின் கலையைப் போற்றினார். ஆனால் அந்நாட்டில் மூண்டெழுந்த போர்வெறி கலந்த தேசியத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். ஒருவர் கற்கச் சொன்னார், மற்றவர் எச்சரித்தார். பின் நிகழ்ந்தவை இருவர் கூற்றும் மெய்யென்பதைக் காட்டின.

பூங்காவின் கரையில் ஹிக்காவா மாரு என்னும் பழைய கப்பல் கட்டப்பட்டிருக்கிறது. யோக்கோகாமாவிலேயே கட்டப்பெற்று, 1930 முதல் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் சியாற்றிலுக்குப் பயணிகளைக் கொண்டுசென்றது. யுத்த காலத்தில் வைத்தியசாலைக் கப்பலாயிற்று. 1961 முதல் இங்கே காட்சிக்கு நிற்கிறது. அதன் மேற்றட்டில் நின்றபோது நமது துறைமுகத்தின் அடியிற் கிடந்த சகாயிங் என்னும் கப்பலை நினைத்தேன். 1942 ஏப்ரலிற் குண்டுபட்டு எரிந்த அதனை இலங்கைக் கடற்படையினர் 2018 இலே மேலே கொணர்ந்தனர்.

ஹொதொகாயாவும் உப்புவெளியும்

என் தாயாரின் கேள்வி அதுவரை என்னுடனேயே வந்துகொண்டிருந்தது. அதற்கு விடை கிடைத்த இடம் நகரின் உட்புறமான ஹொதொகாயா. அங்கே மரங்கள் சூழ்ந்த சரிவில் பொதுநலவாய நாடுகளின் யுத்த மயானம் உண்டு. 1,500க்கு மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். பெரும்பாலோர் தென்கிழக்காசியாவிலும் ஹொங்கொங்கிலும் சிறைப்பட்டு, யப்பானுக்குக் கொண்டுவரப்பட்டுச் சிறையில் மாண்ட போர்வீரர். பிரிக்கப்படாத இந்தியாவின் வீரருக்கும் தனிப்பகுதி உண்டு. புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. யப்பானியத் தோட்டக்காரர் ஒருவர் குனிந்து, ஒரு பெயர்ப்பலகையின்மேல் வீழ்ந்த சருகை எடுத்தார்.

நிலாவெளி வீதியிற் செல்வோர் உப்புவெளியில் இத்தகைய மயானத்தைக் கண்டிருப்பர். யான் சிறுவனாயிருந்த நாள்முதல் பஸ்வண்டியில் அதனைக் கடந்திருக்கின்றேன், இறங்கிப் பார்த்ததில்லை. 1942 ஏப்ரல் 9 இல் மாண்டோரும் அங்கே உளர். ஹொதொகாயாவில் நின்றபோதுதான், இரு மயானங்களும் ஒரே யுத்தத்தின் இரு கரைகள் என்பது எனக்குப் புலனாயிற்று.

அந்நகரின் மக்களும் அழிவுக்குத் தப்பவில்லை. 1945 மே 29ஆம் நாட் காலையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் யோக்கோகாமாவின்மேல் தீக்குண்டுகளைப் பொழிந்தன. பூமியதிர்ச்சிக்குப் பின் கட்டிய நகரின் பெரும் பகுதி ஒரு முற்பகலுக்குள் எரிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுள் இருமுறை சாம்பரான நகரம் அது. இன்று நாம் வியக்கும் மாடங்கள் யாவும் அச்சாம்பரின்மேல் எழுந்தவை.

1951 செப்ரெம்பரிற் சான் பிரான்சிஸ்கோ மகாநாட்டில் யப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்தபோது, இலங்கையின் சார்பில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா பேசினார். விமானத் தாக்குதலாலும், போர்த்தேவைக்காக இறப்பர் மரங்களில் அளவின்றிப் பால் வெட்டியதாலும் நேர்ந்த நட்டத்துக்கு ஈடு கேட்க இலங்கைக்கு உரிமையுண்டு எனக் கூறிப் பின், பகையைப் பகையால் ஒழித்தல் இயலாது என்னும் புத்தபிரான் உபதேசத்தை நினைவூட்டி, அதனைக் கேளாது விடுவதாக அறிவித்தார். குண்டு வீழ்ந்த பட்டினங்களுள் நமது பட்டினமும் ஒன்று. ஆதலால் அக்கொடையிலே நம்மவர் பங்கும் உண்டு என்று யான் கருதுகின்றேன். 1980களில் நமது துறைமுகக் கரையிலே யப்பானியக் கூட்டுடன் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததையும் இங்கு நினைக்கலாம்.

கொண்டுவந்த பாடம்

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு மீள்கின்றேன். துறைமுகத்தை இயற்கை தரலாம், நகரத்தைத் தராது. உழவனின் விளைபொருளும், அதனைக் கொண்டுவரும் பாதையும், அயலானை ஏற்கும் மனமும், அழிந்ததை மீளக் கட்டும் உறுதியும் கூடியபோது ஒரு மீனவர் கிராமம் மாநகராயிற்று. நமது துறைமுகத்தின் பின்னிலம் என்றும் காடாகவே இருக்கும் என்பது விதியன்று. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் விளையும் நெல் உண்டு. 2009 வரை நீண்ட யுத்தத்தால் இடம்பெயர்ந்தும் மீண்டும் வந்த மக்கள் உளர். எல்லாவற்றுக்கும் மேலாக, இக்கல்லூரியின் வகுப்பறைகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் இளைஞர் உளர். அவர்களுட் பலர் வேற்றூர்களுக்குச் சென்றுவிடுகின்றனர். செல்வதை யான் குறை கூறேன். யானும் என் மகனும் சென்றவர்களே. ஆனால், சென்ற இடத்தில் துறைமேடை எவ்வாறு கட்டப்பட்டது, பழைய பண்டசாலை எவ்வாறு காக்கப்பட்டது, வரிசை எவ்வாறு பழகப்பட்டது என்பவற்றைக் கற்று, ஒன்றையேனும் இக்கரைக்குக் கொண்டுவருதல் நம் கடன்.

ஊர் திரும்பியதும் என் தாயாரிடம் யாவும் கூறினேன். மாடங்களைப் பற்றிச் சொன்னபோது அவர் பேசாதிருந்தார். 1945ஆம் ஆண்டுத் தீயைப் பற்றிச் சொன்னபோது, "அப்ப அங்கையும் தாய்மார் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பினம்" என்றார். பிறகு, உப்புவெளி மயானத்தைப் பார்க்க வேண்டுமென்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சென்றேன். வரிசைகளின் நடுவே மெல்ல நடந்து, எழுதியிருந்த வயதுகளை என்னைக்கொண்டு வாசிப்பித்துக் கேட்டார். பெரும்பாலும் இருபதும் இருபத்திரண்டுமாக இருந்தன. இக்கல்லூரியை விட்டு இவ்வாண்டு வெளியேறும் மாணவர்களிலும் அவர்கள் அதிகம் மூத்தவரல்லர்.

மாணவர்களே, யப்பானுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டுமாயின் தவறவிடாதீர். அதற்கு முன், ஒருநாள் மாலையில் உப்புவெளிக்குச் சென்று அப்பெயர்களை வாசித்துவிட்டுச் செல்லுங்கள். நமது கல்லூரியும் நமது துறைமுகமும் நீடு வாழ்க.